பேட்மிண்டன் பேட்டின் நரம்பை இறுக்கினால் ஸ்மாஷ் வேகம் கூடுமா?

“பேட்ல 30 பவுண்டு ஸ்ட்ரிங் போடுங்க, ஸ்மாஷ் சும்மா பறக்கும், பெரிய பிளேயர்ஸ் எல்லாம் அப்படித்தான்” என்று ஷட்டில் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது. ஸ்மாஷ் என்பது மேலிருந்து கீழே ஓங்கி அடிக்கும் அடி; பவுண்டு என்பது நரம்பை (ஸ்ட்ரிங்) இழுத்துக் கட்டும் இறுக்கத்தின் அளவு. அந்தச் செய்தி தவறு. புதிதாக ஆட வருபவர்களின் தோளைக் கெடுக்கக்கூடிய தவறு.

நடப்பது நேர் எதிர். நரம்பு கொஞ்சம் தளர்வாக இருந்தால் காக் (இறகுப் பந்து) பட்டதும் உள்வாங்கி, எகிறித் தள்ளும்; வேகத்தில் ஒரு பங்கை அதுவே தந்துவிடும். இறுக்கமான நரம்பு பலகை மாதிரி. காக் எங்கே போக வேண்டும் என்பதில் துல்லியம் கிடைக்கும், ஆனால் வேகத்தை உங்கள் கையே கொடுக்க வேண்டும். சரியாகப் படும் நடுப்பகுதியும் சுருங்கிவிடும். தேர்ந்த வீரர்கள் 28, 30 பவுண்டு கட்டுவது அந்தத் துல்லியத்துக்காக. வேகம் அவர்கள் மணிக்கட்டிலேயே இருக்கிறது.

ஆரம்பத்தில் 20 முதல் 24 பவுண்டு தாராளம். கடைக்காரரிடம் கொடுக்கும் முன், கைப்பிடிக்கு மேலே கூம்பு போன்ற பகுதியையோ தண்டையோ பாருங்கள். பல பேட்களில் அது தாங்கும் அளவு பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும். அதைத் தாண்டி இறுக்கினால், ஒரு அடி விளிம்பில் பட்டாலும் ஃப்ரேம் விரிசல் விடலாம்.

ஸ்மாஷ்தான் உங்கள் பாணி என்றால், தலைப்பக்கம் கனமான பேட்டை எடுத்துப் பாருங்கள். இரட்டையரில் வலையோரம் நிற்பவருக்குத் தலை இலேசானது கைக்குச் சட்டென்று திரும்பும்.