நந்தியாவட்டையை விட்டுவிடுங்கள்

பெங்களூரு லால்பாக் பூங்காவில் வண்ணத்துப்பூச்சியைக் கண்டால் கைபேசியோடு பின்னாலேயே ஓடுகிறவர்கள், சொந்தக் குடியிருப்பு வளாகத்துச் செடியில் புழுவைக் கண்டால் மருந்தடிக்கச் சொல்லிச் சங்கச் செயலாளரைப் பிடுங்குகிறார்கள். எங்கள் அல்சூர் வளாகத்தில் போன வாரம் மறுபடியும் நந்தியாவட்டைக்கு மருந்தடித்தார்கள்.

அதில் இருந்தது அரளி அந்துப்பூச்சியின் புழு. விரல் நீளம், வழவழப்பான பச்சை உடல், வால் பக்கம் சிறு கொம்பு, முன்பக்கம் இரண்டு பெரிய நீலக் கண்கள். உண்மையில் அவை கண்களே அல்ல, எதிரியை மிரட்டும் வேடம். கொம்பு குத்தாது, உடம்பில் சுணையும் கிடையாது. நம் உயிரையே வாங்கக்கூடிய அரளி இலையையும் தின்று செரித்துவிடும்.

"பூஜைக்குப் பூவே மிஞ்சாது" என்கிறார் மாடி வீட்டு மாமி. மொட்டையான கிளை நாலு மழைக்குத் துளிர்த்துவிடும், மாமி.

ஒரு புழுவையாவது வளர்த்துப் பாருங்கள். துளையிட்ட டப்பா போதும். எந்தச் செடியில் எடுத்தீர்களோ அதே செடியின், மருந்து படாத இலையைத் தினமும் போடுங்கள். மிளகு மிளகாக விழும் எச்சத்தை அன்றன்றே கொட்டிவிடுங்கள், இல்லையென்றால் பூஞ்சை பிடிக்கும். திடீரென்று தின்பதை நிறுத்திவிட்டு, பச்சை மங்கிப் பழுப்பேறி, டப்பாவுக்குள் சுற்றிச் சுற்றி அலையும். நோய் என்று தூக்கிப்போட்டுவிடாதீர்கள். அது தரையைத் தேடுகிறது. கொஞ்சம் ஈரமண்ணும் சருகும் போட்டால் அதற்குள் புகுந்து கூட்டுப்புழுவாகிவிடும். பிறகு ஏறக்குறைய இரண்டு வாரம் கிளறிப் பார்க்கக் கூடாது. குழந்தைகள் பொறுத்துக்கொள்வார்கள், அப்பாக்களிடம்தான் டப்பாவை ஒளித்துவைக்க வேண்டியிருக்கும்.

உள்ளே ஒரு குச்சியைச் சாய்த்து வையுங்கள். வெளிவரும் பூச்சி ஏறித் தொங்கினால்தான் கசங்கிய இறக்கைக்குள் உடல்நீர் பாய்ந்து விரியும். இடம் கிடைக்காவிட்டால் அப்படியே உலர்ந்து முடமாகிவிடும். விரிந்த இறக்கை ஏறக்குறைய 10 சென்டிமீட்டர், பச்சையும் இளஞ்சிவப்பும் கலந்தது. இருட்டிய பிறகு விடுங்கள், பகலில் விட்டால் காக்கைக்குத்தான்.

சில சமயம் அந்துப்பூச்சிக்குப் பதிலாக ஈக்கள் வெளிவரும். புழுவுக்குள் புகுந்து அதைத் தின்றே வளரும் ஒட்டுண்ணி ஈக்கள். குழந்தைகள் அழுவார்கள். அழட்டும். புழுக்களைக் கட்டுக்குள் வைக்கத் தோட்டத்தில் ஏற்கெனவே ஆள் இருக்கிறது என்று இதைவிடத் தெளிவாக எவரும் விளக்க முடியாது. நாம் அடிக்கும் மருந்து அந்த ஆளையும் சேர்த்துத்தான் கொல்கிறது.

தர்மபுரியிலிருந்து வந்து வேலை பார்க்கும் தோட்டக்கார அண்ணனை நான் குறை சொல்லவில்லை, சொன்னதை அவர் செய்கிறார். அடுத்த சங்கக் கூட்டத்தில் நந்தியாவட்டை வரிசைக்கு மருந்து வேண்டாம் என்று மனுக் கொடுக்கப்போகிறேன். வளாகத்துக்காரர்கள் யாராவது இதைப் படித்தால், கையெழுத்துப் போட வாருங்கள்.