டைப்-சி இருந்தாலே புரொஜெக்டர் வேலை செய்யுமா?

டைப்-சி போர்ட் உள்ள எந்த லேப்டாப்பையும் ஒரு எச்டிஎம்ஐ அடாப்டர் வாங்கிப் புரொஜெக்டரில் இணைத்துவிடலாம் என்று சிலர் சொல்கிறார்கள். பல லேப்டாப்களில் அது சரிதான், ஆனால் எல்லாவற்றிலும் இல்லை.

டைப்-சி என்பது துளையின் வடிவம் மட்டுமே. சாதாரண அடாப்டர் வழியாகப் படம் வெளியே வர, அந்தப் போர்ட்டில் ‘டிஸ்ப்ளேபோர்ட் ஆல்ட் மோட்’ (டைப்-சி வழியாகவே படத்தை அனுப்பும் முறை) வசதியோ, டேட்டாவோடு படத்தையும் அனுப்பும் தண்டர்போல்ட் வசதியோ இருக்க வேண்டும். விலை குறைந்த மாடல்கள் சிலவற்றில் டைப்-சி டேட்டாவுக்கு மட்டும்தான், சார்ஜ்கூட ஏறாது! அதில் இந்த அடாப்டரைச் செருகினால் புரொஜெக்டர் ‘சிக்னல் இல்லை’ என்றே காட்டும். அடாப்டர் மீது குறை சொல்லிப் பயனில்லை.

வாங்கும் முன் போர்ட்டுக்குப் பக்கத்தில் பாருங்கள். ‘டிபி’ எழுத்துகள் சேர்ந்த டிஸ்ப்ளேபோர்ட் சின்னமோ, தண்டர்போல்ட்டைக் குறிக்கும் அம்பு முனையுள்ள மின்னல் சின்னமோ இருந்தால் கவலை இல்லை. சின்னம் இல்லாமலே வசதி இருக்கும் மாடல்களும் உண்டு. அதனால் லேப்டாப்பின் அடியில் உள்ள முழு மாடல் எண்ணைத் தயாரிப்பாளரின் தளத்தில் தேடி, போர்ட் விவரத்தில் ‘டிஸ்ப்ளேபோர்ட்’ அல்லது ‘தண்டர்போல்ட்’ என்று இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு டைப்-சி இருந்தால், எந்தப் பக்கத்துப் போர்ட் என்பதையும் கவனியுங்கள். சிலவற்றில் ஒன்றில் மட்டும்தான் படம் வரும்.