சாங்கிச் சிறையின் போர்வையும் அம்மம்மாவின் றங்குப்பெட்டியும்

போன வருசம் லண்டனில் அக்கா வீட்டில் நின்றபோது, பிரித்தானியச் செஞ்சிலுவைச் சங்கத்தின் அருங்காட்சியகத்தில் ஒரு போர்வை பார்த்தேன். யாழ்ப்பாணம் திரும்பி இத்தனை மாதமாகியும் அது கண்ணுக்குள்ளேயே நிற்கிறது.

1942 பெப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியர் கையில் விழுந்தது. மலாயாவில் உத்தியோகம் பார்த்தவர்கள் நிறைய இருந்த ஊர் எங்களுடையது. அந்தக் கதைகள் எங்களுக்குப் புதிதில்லை. அங்கே பிடிபட்ட பெண்களையும் பிள்ளைகளையும் சாங்கிச் சிறையில் அடைத்தார்கள். கணவன்மார் வேறிடத்தில். இருக்கிறார்களா இல்லையா என்ற சேதிகூடக் கிடையாது. அப்போது எதெல் மல்வனி என்ற கனடியப் பெண் ஒரு வழி சொன்னார். ஆளுக்கு ஆறு அங்குலச் சதுரத் துணி ஒன்று. அதில் தன்னைப் பற்றி ஏதாவது தைத்து, பெயரையும் தைக்க வேண்டும். அப்படி 66 சதுரங்களைப் பொருத்தி ஒரு போர்வை. காயப்பட்ட பிரித்தானிய, ஆஸ்திரேலிய, ஜப்பானியப் படையினருக்கென்று மொத்தம் மூன்று தைத்தார்கள். ஆஸ்பத்திரியில் அதைப் பார்க்கிற யாராவது பெயரை வாசித்து, 'இவள் உயிரோடு இருக்கிறாள்' என்று அறிந்துகொள்ளட்டும் என்பதுதான் உள்ளெண்ணம்.

லண்டனில் இருப்பது பிரித்தானியருக்கானது. மற்ற இரண்டும் கன்பராவிலுள்ள போர் நினைவகத்தில் இருக்கின்றன. ஆஸ்திரேலியருக்கான போர்வையின் பின்புறத்தில், இதைத் தண்ணீரில் தோய்க்காமல் உலர்சலவை செய்வது நல்லது என்றும் தைத்திருக்கிறார்களாம். சிறைக்குள் பசியோடு இருந்தவர்கள், இந்தத் துணி தங்களுக்குப் பிறகும் இருக்கும் என்று நம்பியிருக்கிறார்கள். அதைப் படித்தபோது எனக்கு அம்மம்மாவின் றங்குப்பெட்டி நினைவுக்கு வந்தது.

1995 ஒக்டோபர் 30. சண்டைக்குப் பயந்து வலிகாமமே மழைக்குள் நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்கு நடந்தது. எனக்கு அப்போது ஆறு வயது. எல்லோரும் அரிசியும் காணி உறுதியும் கொண்டுவந்தபோது, அம்மம்மா சின்ன மாமாவின் பள்ளிக்கூடச் சேட்டு ஒன்றையும் சேர்த்துக் கட்டினார். காலரின் உள்ளே நீல நூலால் அவர் தைத்த முதலெழுத்து. சின்ன மாமா அதற்கு முன்பே காணாமல் போயிருந்தார். அந்தச் சேட்டு இன்றும் வேப்பிலைக்கு நடுவே பெட்டியில் இருக்கிறது.

நினைவு என்றால் நாங்கள் உடனே தூபியையும் கல்லையும்தான் யோசிக்கிறோம். தூபி வேண்டும், அதில் எனக்கு மறுபேச்சில்லை. ஆனால் 2021 ஜனவரியில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்திலிருந்த முள்ளிவாய்க்கால் நினைவுத் தூபி ஒரே இரவில் இடிக்கப்பட்டதையும் பார்த்தோம். ஏப்ரலில் திரும்ப எழுப்பினோம், சரி. துணியை மடித்து எடுத்துக்கொண்டு ஓடலாம். அமெரிக்காவில் எய்ட்ஸால் இறந்தவர்களுக்கு ஆளுக்கொன்றாக, ஒரு புதைகுழி அளவில், மூன்றுக்கு ஆறு அடித் துணி தைத்தார்கள். 1987 ஒக்டோபரில் வாஷிங்டனில் முதன்முதலாக விரித்தபோது 1,920 துண்டுகள். இன்று ஏறக்குறைய 50,000. தைத்தவர்கள் பெரும்பாலும் தாய்மாரும் நண்பர்களும் துணைவர்களும்தான்.

எங்களுக்கும் இப்படியொன்று வேண்டும் என்பதுதான் என் வாதம். அம்மம்மாவிடம் சொன்னேன். "அந்தச் சேட்டை வெட்ட விடமாட்டன்" என்றார். அதுவும் நியாயம்தானே. வேறு துணியில் பெயரைத் தைக்கலாமே என்றேன். யோசித்துவிட்டு, பழைய ஏணைச் சீலையில் ஒரு துண்டு கிழித்துத் தந்தார். சின்ன மாமாவைத் தாலாட்டிய சீலை அது.

ஒன்று கேட்கிறேன். இறந்தவருக்கான அந்தியேட்டிச் சடங்கு முடிந்ததும் அவரின் உடுப்புகளைக் கொடுத்தோ எரித்தோ விடுகிற வழக்கம் எங்களிடம் உண்டு. அதற்கு முன்னர் ஒரு சிறு துண்டை எடுத்து வையுங்கள், பெயரைத் தைத்து வையுங்கள். தைக்கத் தெரிந்த அம்மம்மாக்கள் இருக்கும்போதே. நல்லூரிலோ வேறெங்கோ எல்லாவற்றையும் சேர்த்து விரிக்க ஒரு மண்டபம் கிடைக்கும்வரை, அவரவர் பெட்டியிலேயே இருக்கட்டும்.

அம்மம்மாவுக்குக் கண் மங்கல். ஊசியில் நூல் கோர்த்துக் கொடுக்கிறேன், அவர் தைக்கிறார். இரண்டு எழுத்து முடிந்திருக்கிறது.