கூலி வீட்டுப் பிள்ளைக்கும் சர்க்கரை நோய் வரும்

“சர்க்கரை நோய் வசதியான வீட்டுப் பிள்ளைகளுக்குத்தான் வரும்” என்று வேலூர், குடியாத்தம் பக்கம் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. தவறு.

முதல் வகை சர்க்கரை நோயில், உடலின் எதிர்ப்புச் சக்தியே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை அழித்துவிடுகிறது. பீடி சுற்றும் வீடா, தோல் கம்பெனி முதலாளி வீடா என்று அது பார்ப்பதில்லை. மிட்டாய் தின்றதாலும் வருவதில்லை. இரண்டாம் வகை வேறு. அதில் உடல் பருமனுக்கும் பரம்பரைக்கும் பங்குண்டு. பாக்கெட் தீனி தெருமுனைக் கடைவரை வந்துவிட்ட பிறகு, அதுவும் பணக்கார நோய் இல்லை.

வறுமையால் நோயைக் கண்டுபிடிப்பதுதான் தாமதமாகிறது. பிள்ளை ஓயாமல் தண்ணீர் கேட்டால், விட்ட பழக்கம் திரும்பிப் படுக்கையை நனைத்தால், நன்றாகச் சாப்பிட்டும் இளைத்தால், வேலூர் வெயில் அப்படி என்று இருந்துவிடாதீர்கள். அன்றைக்கே அரசு மருத்துவமனையில் ரத்தச் சர்க்கரை பாருங்கள். வாந்தியும் மூச்சிரைப்பும் சேர்ந்துவிட்டால் உயிருக்கே ஆபத்து.