இறங்கும்போதுதான் கியரின் அருமை தெரியும்
"மலைப்பாதைக்கு ஆட்டோமேட்டிக்தான் பாதுகாப்பு" என்று, தானே கியர் மாற்றும் ஆட்டோமேட்டிக் கார்கள் பற்றிய கட்டுரையில் எழுதியிருப்பதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. சேலம் அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள். பல வருடமாக, நாமே கியர் மாற்றும் மேனுவல் காரில்தான் ஏறி இறங்குகிறேன். ஏறுவதுகூடப் பெரிதில்லை, இறங்குவதில்தான் விஷயமே இருக்கிறது. செகண்ட் கியரில் போட்டு ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் இன்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்கும்; வளைவுக்கு முன்னால் பிரேக்கை லேசாகத் தொட்டால் போதும். போன மாதம் என் மச்சான் புது ஏஎம்டி காரை (அதுவும் ஒரு வகை ஆட்டோமேட்டிக்தான்) தானே கியர் மாற்றும் டிரைவ் மோடிலேயே விட்டு, பிரேக்கை மட்டும் நம்பி இறக்கினார். பாதி மலை வருவதற்குள் கருகல் வாடை. ஓரங்கட்டி இறங்கி முன்சக்கரத்தின் பக்கம் கையைக் கொண்டுபோனால், எரியும் அடுப்புக்கிட்டப் போன மாதிரி அனல். அந்த வண்டியிலும் கியரை நாமே தேர்ந்தெடுக்கும் மேனுவல் மோட் இருக்கிறது, அவருக்கு அதை யாரும் சொல்லித் தரவில்லை. ஏஎம்டி என்பதே மேனுவல் கியர்பாக்ஸ்தான். கிளட்சையும் கியரையும் நமக்குப் பதிலாக அதுவே இயக்கிக்கொள்கிறது, அவ்வளவுதான். எனக்கு முன்னால் கருத்து எழுதியவர், சேலம் ஐந்து ரோடு சந்திப்பு நெரிசலில் கிளட்ச் மிதித்தே முட்டி வலி வந்துவிட்டது என்கிறார். சரி, அது நியாயம்தான், ஊருக்குள் ஆட்டோமேட்டிக் வசதி. ஆனால் ஏறுகிற வளைவில் தேர்டிலிருந்து செகண்டுக்கு மாற்றியதும் இன்ஜின் சத்தம் கனத்து வண்டி எழும்பிப் போகும் அந்த நொடி இருக்கிறதே, அதை விட எனக்கு மனசில்லை. லைசென்ஸ் வாங்கியிருக்கும் என் மகளுக்கும் இப்போது அதே ரோட்டில்தான் கற்றுக்கொடுக்கிறேன்.