ஒன்றாக வளர்ந்த மீன்கள் சண்டை போடாதாம்!

"குட்டியிலிருந்து ஒண்ணா வளர்ந்தா அண்ணன் தம்பி மாதிரி இருக்குமுங்க, ஒண்ணும் பண்ணாதுங்க" என்று சொல்லி, இரண்டு அங்குலம்கூட வளராத ஆஸ்கர் குஞ்சையும் ரெட் டெவில் குஞ்சையும் சேர்த்து விற்கிற கோவைக் கடைக்காரரை ஒரு நாள் இரவு குன்னூருக்கு வரவழைத்து, என் வீட்டுக் கூடத்தில் பாய் போட்டுப் படுக்க வைத்து, தொட்டிக் கண்ணாடியில் மீன் மோதுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே தூங்கச் சொல்ல வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. அண்ணன் தம்பியாம்! வரப்புக்காக அண்ணனும் தம்பியும் கோர்ட்டுப் படியேறாத ஊர் தமிழ்நாட்டில் எது? பங்காளிகளுக்குள் நடக்கிற வெட்டுக்குத்து அந்நியருக்குள் நடப்பதில்லை என்று தெரிந்த மண்ணில் பிறந்தவர் வாயிலிருந்தா இந்த உவமை வர வேண்டும்?

ஆஸ்கரும் ரெட் டெவிலும் சிக்லிட் என்கிற மீன் குடும்பத்தைச் சேர்ந்தவை. சிக்லிட் என்றால் ஏதோ கண்காணாத அதிசய இனம் என்று நினைக்க வேண்டாம். 1952இல் நம் நாட்டுக்குக் கொண்டுவரப்பட்டு இன்று குளம் குட்டையெல்லாம் நிறைந்து கிடக்கும் ஜிலேபிக் கெண்டையும் சிக்லிட் குடும்பம்தான். அதன் ஆண் மீன் கரையோரச் சேற்றில் பள்ளம் பறித்துக்கொண்டு, பக்கத்தில் வருவதையெல்லாம் விரட்டுவதைக் குளக்கரையில் நின்று வேடிக்கை பார்த்தவர்கள் அறிவார்கள். ஆஸ்கர் அமேசான் ஆற்றுப் பகுதியிலிருந்து வந்தது. ரெட் டெவில் நிகராகுவா நாட்டுப் பெரிய ஏரிகளிலிருந்து வந்தது. இரண்டும் இடம் பிடித்துக் காக்கும் சாதி. இரண்டும் ஓரடி நீளத்தை எட்டக்கூடியவை, ஆஸ்கர் அதைத் தாண்டியும் வளரும். ஏரியில் தோற்ற மீன் வாலைச் சுருட்டிக்கொண்டு வேறு பாறை தேடிப் போய்விடும், சண்டையும் அத்தோடு முடிந்துவிடும். நான்கடி நீளமும் ஒன்றரை அடி அகலமும் ஒன்றரை அடி உயரமும் கொண்ட தொட்டியில் மொத்தமே 250 லிட்டர் தண்ணீர். தோற்றவன் எங்கே போவான்? அவன் எந்த மூலையில் ஒதுங்கினாலும் வென்றவன் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கிறான். கண்ணில் படுவதே வம்புக்கு அழைப்பதாக எடுத்துக்கொள்ளப்படுகிறது. இதை மீனின் கெட்ட குணம் என்று சொல்கிறவர்களைப் பார்த்தால்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. மீன் தன் இயல்புப்படி நடக்கிறது, விற்கிறவர்தான் அந்த இயல்பை மறைக்கிறார்.

குஞ்சாக இருக்கிற வரைக்கும் இரண்டும் ஒரே திசையில் நீந்தி, ஒரே நேரத்தில் தீவனம் கேட்டு நம்மை ஏமாற்றும். இனப்பெருக்க வயது நெருங்கியதும் ரெட் டெவில் முதலில் சரளைக் கற்களை வாய் வாயாக அள்ளி ஒரு பக்கமாகக் குவிக்கத் தொடங்குகிறது. ஜோடி இல்லாவிட்டாலும் பள்ளம் பறிக்கும். பறித்த பள்ளத்துக்கு எல்லை போடும். ஆஸ்கர் அந்த எல்லையைத் தாண்டியதும் ரெட் டெவில் செவுள்கள் இரண்டையும் குடை போல விரித்து, பக்கவாட்டில் திரும்பி நின்று, வாலை வீசி எதிராளியின் மேல் தண்ணீரைத் தள்ளுகிறது. அதற்கும் அவன் விலகாவிட்டால் வாயோடு வாய் கவ்விக்கொண்டு இரண்டும் தொட்டியின் நீளம் முழுவதும் இழுபறி போடும். இந்தக் கட்டம் வரைக்கும்கூடப் பெரிய சேதம் இல்லை, பலம் பார்க்கிறார்கள் என்று விட்டுவிடலாம். அதன் பிறகு நடப்பதுதான் கொடுமை. தோற்ற ஆஸ்கரின் துடுப்புகள் நார் நாராகக் கிழிந்து தொங்குகின்றன. விடிந்து பார்த்தால் சரளைக்கு நடுவே அதன் செதில்கள் மின்னுகின்றன. தோற்றவன் கறுத்துப்போய், தலையை மேலே தூக்கியபடி, தொட்டியின் மூலையில், தண்ணீரைச் சூடாக்கும் ஹீட்டருக்கும் கண்ணாடிக்கும் இடையில் உள்ள சந்தில் செருகிக்கொண்டு நிற்கிறான்.

அந்தச் சந்தைப் பற்றித்தான் மலையில் இருக்கிறவன் பேச வேண்டும். கீழே கோவையில் ஹீட்டர் என்பது மார்கழிக்கு மட்டும் எடுத்து மாட்டுகிற பொருள், பலர் அதை வாங்குவதே இல்லை. 1,800 மீட்டர் உயரத்தில் உள்ள குன்னூரில் அது ஆண்டு முழுவதும் தொட்டியில் கிடக்க வேண்டும், குளிர்கால இரவுகளில் விடிய விடிய எரிய வேண்டும். அடி வாங்கிய மீன் ஒளிய வேறு இடமில்லாமல் அதன் மேலேயே சாய்ந்து கிடக்கிறது. கண்ணாடிக் குழாய் சுடுவது அதற்குத் தெரிந்தாலும் வெளியே வந்தால் கடி விழும் என்பதால் நகர்வதில்லை. என் ஆஸ்கரின் விலாவில் இப்போது இருக்கிற வெளிறிய நீள்தழும்பு கடித்த காயம் அன்று, ஹீட்டர் சுட்ட காயம். அதை விரட்டி வருகிற ரெட் டெவிலோ ஹீட்டரையும் எதிரியாகக் கருதி முட்டி, அதைக் கண்ணாடியில் ஒட்டிவைத்திருக்கும் ரப்பர் கப்புகளைப் பிடுங்கிக் குழாயைச் சரளை மேல் உருட்டிவிடுகிறது. குழாயின் கண்ணாடி உடைந்தால் தண்ணீரில் மின்சாரம். துளையிட்ட பிளாஸ்டிக் உறை ஒன்றை ஹீட்டருக்கு மாட்டி வைத்தால் சூடும் தணியும், உடையவும் உடையாது. ஹீட்டரை விற்கும்போது இதைச் சொல்லத் தெரியாத கடைக்காரரிடமிருந்து இதைவிடப் பெரிய உண்மைகளை எதிர்பார்ப்பது வீண்தான்.

அறிவுரைகளுக்கு மட்டும் பஞ்சமே இல்லை. ஊட்டியில் மீன் வளர்க்கும் என் மைத்துனர், "ஹீட்டரைக் குறைச்சு வை மாப்பிள்ளை, குளிர்ல தானா அடங்கிடும்" என்கிறார். அடங்கும், உயிரும் சேர்ந்தே அடங்கும். ஆஸ்கருக்கு 26 டிகிரி வேண்டும். தண்ணீர் 13 டிகிரி அளவுக்குக் குளிர்ந்தால் அது பிழைக்காது. அதற்கு வெகு முன்னதாகவே தீவனத்தை வெறுத்து, வெண்புள்ளி நோய்க்கு வழி திறந்துவிடும். பசியால்தான் கடித்துக்கொள்கின்றன, நிறையத் தீவனம் போடு என்கிறார் இன்னொருவர். மிஞ்சிய தீவனம் அழுகி அம்மோனியா ஏறுவதைத் தவிர அதில் வேறு பயன் கிடையாது.

எல்லாவற்றிலும் என்னைக் கொதிக்க வைப்பது, "இன்னும் நாலைந்து மீன் போடுங்க சார், அடி பிரிஞ்சு போயிடும்" என்கிற யோசனை. இது முழுப் பொய்யுமில்லை என்பதுதான் இதில் உள்ள வில்லங்கம். ஆப்பிரிக்காவின் மலாவி ஏரியில் பாறைகளுக்கிடையே வாழும் நான்கைந்து அங்குலச் சிறு சிக்லிட்களை நெருக்கமாக வளர்த்தால், எவனும் ஒரு மூலையைச் சொந்தம் கொண்டாட முடியாமல் அடி பங்காகிவிடும் என்பது உண்மை. அந்த உபாயத்தை ஓரடி மீன்களுக்குப் பொருத்தினால், நான்கடித் தொட்டி முழுவதையும் ஒருவனே பட்டா போட்டுக்கொள்ள, மற்றவர்கள் முறை வைத்துச் செத்துப்போவார்கள். அடியைப் பங்கு போடுவதற்கென்று கடைக்காரர்கள் முதலில் தள்ளிவிடுவது பேரட் மீனை. வாயை ஒழுங்காகத் திறந்து மூடக்கூட இயலாத அந்தக் கலப்பின மீன் யாரைத் திருப்பிக் கடிக்கும்? அந்தப் பாவத்துக்கு நான் உடன்படவில்லை.

தொட்டிக்குள் இருக்கிற கல்லையும் சட்டியையும் இடம் மாற்றி வைத்தால் இரண்டுக்கும் எல்லை குழம்பிச் சில நாள்கள் அமைதி நிலவும் என்பது மெய். புது எல்லை போட்டு முடித்ததும் பழைய கதைதான். நடுவில் தடுப்பு வைப்பது அதைவிட மேல், ஆனால் பெரிய மீன் தலையால் முட்டித் தள்ள முடியாதபடி மேலும் கீழும் இறுக்கிப் பொருத்தியிருக்க வேண்டும். தவிர, பாதித் தொட்டி என்பது முழு வளர்ச்சி அடைந்த ஆஸ்கர் உடலைத் திருப்புவதற்கே காணாத இடம்.

ஆகவே உருப்படியான மருந்து ஒன்றே ஒன்று, தனித் தொட்டி. இதைக் கீழே இருக்கிறவர்கள் மிக எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். மலையில் தனித் தொட்டி என்றால் தனி ஹீட்டர் என்று பொருள். 300 வாட் ஹீட்டர் நாளொன்றுக்கு 12 மணி நேரம் எரிந்தால் 3.6 யூனிட்; இரண்டு மாதக் கணக்கில் 216 யூனிட். வீட்டு இணைப்புக்கு அரசு இலவசமாகத் தரும் 100 யூனிட்டை முதல் தொட்டியே தின்று ஏப்பம் விட்டுவிடுகிறது, இரண்டாவது தொட்டி முழுக்க முழுக்கக் கைக்காசு. தலையில் மேடு இருக்கிற ஃப்ளவர்ஹார்ன் வாஸ்து மீன், வீட்டுக்குச் செல்வம் கொண்டுவரும் என்று சொல்லி விற்கிற அதே வாய், செல்வம் எந்த வழியாக வெளியேறும் என்பதைச் சொல்வதில்லை. ஐப்பசி மழையில் மரம் சாய்ந்து மின்சாரம் நின்றுவிட்டால், இன்வெர்ட்டரில் காற்று பம்ப் ஓடும். ஹீட்டரை மாட்டினால் பேட்டரி நெடுநேரம் தாங்காது. இரண்டு தொட்டிகளையும் கம்பளியால் சுற்றிவிட்டு நான் சால்வையோடு உட்கார்ந்திருக்கிறேன்.

சரி, ரெட் டெவிலைத் திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள் என்று கடைக்காரரைக் கேட்டேன். வளர்ந்த மீனை எவரும் வாங்குவதில்லையாம்; "அங்கேயே ஏதாவது ஆத்துல விட்டுருங்க சார்" என்றார். குன்னூர் ஆறு மேட்டுப்பாளையம் பக்கம் பவானியில் போய்ச் சேர்கிறது. இந்தக் குளிரில் செத்து மிதக்காமல் கீழே வெதுவெதுப்பான தண்ணீரை எட்டிவிட்டால், அங்குள்ள கெண்டைக் குஞ்சுகளின் கதி என்ன? ஜிலேபி ஒன்று வந்து நம் நாட்டு மீன்களைப் படாத பாடு படுத்துவது போதாதா?

எனவே ரெட் டெவில் இப்போது கூடத்துத் தொட்டியில் ஒற்றையாக இருக்கிறது, ஆஸ்கர் படுக்கையறையில். வருகிற விருந்தாளிகளில் ஒருவராவது கண்ணாடியில் விரலால் தட்டி, "பாவம், தனியா இருக்கே, துணைக்கு இன்னொண்ணு வாங்கி விடக் கூடாதா?" என்று கேட்காமல் போவதில்லை. அப்படிக் கேட்கிறவர்களை நேரே படுக்கையறைக்கு அழைத்துப்போய், துணையாக இருந்தது இதுதான் என்று அந்தத் தழும்பைக் காட்டுகிறேன்.