மூன்று வயது காரை வாங்கி, பத்து வருடம் வைத்திருங்கள்

அக்கா மகன் நேற்று போன் செய்தான். "மாமா, புது கார் எடுக்கலாமா, லீஸுக்குப் போகலாமா? நீங்க சொல்லுங்க." அவனிடம் சொன்னதை இங்கேயும் எழுதுகிறேன்.

இரண்டும் வேண்டாம் என்றேன். மூன்று நான்கு வயதான, ஒரே கை ஓட்டிய காராகத் தேடச் சொன்னேன். இன்சூரன்ஸ் கணக்கிலேயே மூன்று வயதைத் தாண்டிய காருக்கு 40 சதவீதம் தேய்மானம் கழித்துத்தான் மதிப்புப் போடுகிறார்கள். அந்தப் பெரிய சரிவை முதல் ஓனர் தாங்கிவிட்டார். நம் மாநில வண்டியாக இருந்தால் ஆயுள் வரியையும் அவரே கட்டியிருப்பார்.

லோனில் எனக்கு ஒரே ஒரு கோபம்தான், ஏழு வருடத் தவணை. 8 லட்சத்தை 9 சதவீத வட்டிக்கு ஐந்து வருடத்தில் கட்டினால் வட்டி 2 லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. ஏழு வருடமானால் 2 லட்சத்து 81 ஆயிரம். மாதம் 3,700 ரூபாய் குறைகிறதே என்று ஷோரூமில் கையெழுத்துப் போடுகிறோம். ஐந்து வருடத்தில் கட்ட முடியாத கார் நம் வருமானத்துக்கு மீறிய கார் என்பது என் கருத்து.

லீஸ் சிலருக்குச் சரிதான். கம்பெனி மூலமாக எடுத்து வரியில் மிச்சம் பிடிப்பவர்கள், இரண்டு வருடத்தில் ஊர் மாறப் போகிறவர்கள் தாராளமாக எடுக்கலாம். மற்றவர்களுக்கு? வருடத்துக்கு இத்தனை கிலோமீட்டர் என்று வரம்பு, தாண்டினால் தனிக் கட்டணம், வாடகைக்கு ஜிஎஸ்டி. கடைசியில் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெறும் கையோடு வர வேண்டும். கிளட்ச் எந்த இடத்தில் பிடிக்கிறது, எந்த வேகத்தில் டேஷ்போர்டு லேசாக அதிர்கிறது என்று ஒரு வண்டி நமக்குப் பிடிபடும் நேரத்தில் அதை விட்டுவிட என்னால் முடியாது.

பழைய கார் என்றால் பேப்பர்தான் முக்கியம். இதை அழுத்திச் சொல்கிறேன். 2016-ல் என் முதல் காரை ஒரு புரோக்கரிடம் கொடுத்தேன். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்துப் போட்டேன். பெயர் மாறியதா என்று பிறகு பார்க்கவே இல்லை. ஒன்றரை வருடம் கழித்து, வேறு மாவட்டத்தில் அந்தக் கார் இடித்த விபத்துக்கு இழப்பீட்டு நோட்டீஸ் என் வீட்டுக்கு வந்தது. ஆர்சியில், அதாவது வண்டியின் பதிவுச் சான்றிதழில், யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் சட்டப்படி உரிமையாளர். உச்ச நீதிமன்றம் 2018-ல் இதைத் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. எனக்கு வந்த அந்த இழப்பீட்டு வழக்கு முடிகிற வரை எங்கள் வீட்டில் யாருக்கும் நிம்மதி இல்லை. அதனால் விற்பவர்கள் புது ஆர்சியை கண்ணால் பார்க்கும் வரை விடாதீர்கள். வாங்குபவர்கள் ஹெச்பி (கார் மேல் கடன் இருக்கிறது என்று ஆர்சியில் இருக்கும் பதிவு) கேன்சல் ஆகியிருக்கிறதா, கடன் பாக்கி இல்லை என்ற பேங்க் என்ஓசி கையில் இருக்கிறதா என்று பார்த்த பிறகு முன்பணம் கொடுங்கள். அப்புறம் இன்சூரன்ஸில் நோ க்ளெய்ம் போனஸ் (க்ளெய்ம் வாங்காமல் இருந்ததற்குத் தரும் பிரீமியம் தள்ளுபடி) ஆளுக்குத்தான், காருக்கு இல்லை. பழைய ஓனரின் 50 சதவீதத் தள்ளுபடி உங்களுக்கு வராது.

நான் இப்போது ஓட்டுவது 2018 ஃபோர்டு எக்கோஸ்போர்ட் டீசல். ஃபோர்டு இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக 2021 செப்டம்பரில் அறிவித்தது. அடுத்த மாதமே இந்தக் காரை வாங்கினேன். "கம்பெனியே போகுது, பார்ட்ஸுக்கு எங்க போவ?" என்று எல்லோரும் தடுத்தார்கள். செங்கல்பட்டில் இருப்பவன் நான். பக்கத்து மறைமலை நகரில் செய்த வண்டி இது. அந்தத் தொழிற்சாலையில் வேலை பார்த்த இரண்டு பேர் எங்கள் தெருவிலேயே இருந்தார்கள். மனசும் ஒரு காரணம், மறைக்க மாட்டேன். இன்றுவரை பார்ட்ஸ் கிடைக்காமல் வண்டி ஒரு நாள்கூட நின்றதில்லை. திண்டிவனம் தாண்டி ஐந்தாவது கியரில் போகும்போது ஸ்டீயரிங் கையில் நிற்கிற உறுதிக்காகவே இன்னொரு முறையும் இதையே வாங்குவேன்.

1,34,000 கிலோமீட்டர் ஆகிவிட்டது. வருகிற சனிக்கிழமை டைமிங் பெல்ட் மாற்றப் போகிறேன். அக்கா மகனையும் வரச் சொல்லியிருக்கிறேன், மெக்கானிக் அண்ணன் பக்கத்தில் நின்று பார்க்கட்டும்.